தங்கச்சி இப்போதைக்கு கோதுமையை நிறுத்த வேணாம்

கேள்வி: மேடம், எனக்கு 34 வயசு. பல வருஷமா ரத்தசோகை, இரும்பு மாத்திரை எவ்வளவு போட்டும் ஹீமோகுளோபின் ஏறாது, எப்பவும் வயிறு உப்புசம், அசதி. பத்து மாசத்துக்கு முன்னாடி எண்டோஸ்கோப்பி பண்ணி சீலியாக்னு சொன்னாங்க, கோதுமை, பார்லி, ரைங்கற தானியத்துல இருக்கற குளூட்டன்ங்கற புரதம் குடலைப் பாதிக்கற வியாதியாம். அன்னிலேர்ந்து குளூட்டனைத் தொடறதில்ல, உடம்பு நல்லாவே தேறிடுச்சு. ஆனா ஆன்டிபாடி டெஸ்ட் 180லேர்ந்து 46 வரைக்கும்தான் இறங்கியிருக்கு, 10க்கு கீழ இருந்தாதான் நார்மல்னு ரிப்போர்ட்ல இருக்கு. எங்க தப்பு பண்றேன்னே புரியல. வீட்ல மாமியார் "ஒரு வாய் சாப்பிட்டா என்னம்மா ஆயிடப் போவுது"ன்னு சொல்லிட்டே இருக்காங்க. இதுக்கு நடுவுல என் தங்கச்சி, 29 வயசு, அவளுக்கும் உப்புசம், முடி கொட்டுது, ரெண்டு தடவை கரு கலைஞ்சிடுச்சு. நான் தேறினதைப் பாத்துட்டு தானும் குளூட்டனை விட்டுடறேன்னு சொல்றா. அடுத்த வாரம் எங்க வீட்டுக்கு வந்து ஒரு மாசம் தங்கறா, அதுக்குள்ள எல்லாத்தையும் கத்துக்குடுன்னு லிஸ்ட் கேக்கறா. எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்:

வணக்கம்ங்க. நீங்க கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா தங்கச்சி அடுத்த வாரமே வர்றாங்க. இன்னைக்கே அவங்களுக்கு போன் பண்ணி, டெஸ்ட் எல்லாம் முடியற வரைக்கும் கோதுமையை நிறுத்தாத, வழக்கமா சாப்பிடற மாதிரியே சாப்பிடுன்னு சொல்லுங்க. லிஸ்ட் கேட்டா டெஸ்ட்டுக்கு அப்புறம் தர்றேன்னு சொல்லுங்க. பத்து மாசமா குளூட்டன்னாலே பயந்து ஒதுங்கிட்டு இருக்கற நீங்களே அவங்களைப் பாத்து "சாப்பிடு"ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், எனக்கும் சீலியாக்தான், பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆனா இப்போதைக்கு நீங்க அவங்களுக்கு செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

காரணம் என்னன்னா, உங்களுக்கு 180ன்னு வந்துச்சே, அந்த டெஸ்ட் பேரு டிடிஜி ஐஜிஏ. குளூட்டன் உள்ள போறப்போ சீலியாக் உள்ளவங்க உடம்பு தன் குடலையே எதிரியா நினைச்சு ஒரு ஆன்டிபாடியை உண்டாக்குது, அதைத்தான் அந்த டெஸ்ட் அளக்குது. குளூட்டன் போறது நின்னுட்டா ஆன்டிபாடி மெல்ல மெல்ல குறையும், குடலும் ஆற ஆரம்பிச்சிடும், அப்போ போய் ரத்தம் குடுத்தா உள்ள வியாதி இருந்தும் ரிப்போர்ட் நார்மல்னு வரலாம், பயாப்சியும், அதாவது எண்டோஸ்கோப்பில குடல் துணுக்கு எடுத்துப் பாக்கறதும், சந்தேகமா வரலாம். இல்லன்னு ரிப்போர்ட் வந்துடுச்சேன்னு நம்பிட்டா அதுக்கப்புறம் வருஷக்கணக்குல யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

இதே தப்பை நான் பண்ணியிருக்கேங்க. எனக்கு சீலியாக்னு தெரிஞ்ச புதுசு, என் அண்ணனுக்கும் அடிக்கடி வாய்ப்புண்ணு வரும், வயித்தால போகும், எனக்கு இருந்தது அப்படியே அவனுக்கும் இருக்குன்னு தோணிச்சு. நான் தேறின சந்தோஷத்துல, டயட்டீஷியனா இருந்தும், டெஸ்ட் பத்தி ஒரு வார்த்தை பேசாம அவன் வீட்டு கிச்சனையே மாத்தி வெச்சுட்டு வந்தேன். மூணு வாரத்துல வாய்ப்புண்ணு போச்சு, அவனும் என்னைக் கும்பிடாத குறை. நாலு மாசம் கழிச்சு வேற எதுக்கோ போன எடத்துல டாக்டர், ஃபேமிலி ஹிஸ்டரி இருக்கேன்னு டெஸ்ட் எழுதினார், ரிசல்ட் நெகட்டிவ். உடனே இவனுக்கு சந்தேகம், ஒண்ணுமே இல்லாமலா இத்தனை நாள் பத்தியம் இருந்தேன்னு. டாக்டர் சொன்னார், உண்மையை தெரிஞ்சுக்கணும்னா தினம் ரெண்டு ஸ்லைஸ் பிரெட் அளவுக்கு ஆறு வாரம் சாப்பிட்டுட்டு திரும்ப வாங்கன்னு. நாலு மாசம் நிறுத்திட்டு திரும்ப ஆரம்பிச்சதுல ரெண்டாவது நாளே படுத்துட்டான். அண்ணி ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, இன்னும் எத்தனை நாள்மா இப்படின்னு கேட்ட குரல் எனக்கு இன்னமும் காதுல இருக்கு. ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் பாசிட்டிவ், பயாப்சியும் பாசிட்டிவ். முதல்லயே ரத்தம் குடுத்திருந்தா ஒரு ஊசி குத்தோட முடிஞ்சிருக்க வேண்டியது. அதுலேர்ந்து யார் வந்து கேட்டாலும் என் முதல் கேள்வி, டெஸ்ட் எடுத்தாச்சா.

அதனால தங்கச்சி செய்ய வேண்டியது இதுதான். டாக்டர்கிட்ட போய், அக்காவுக்கு சீலியாக் இருக்கு, பயாப்சில உறுதியாயிருக்குன்னு தெளிவா சொல்லணும், உங்க ரிப்போர்ட் காப்பி ஒண்ணை கையோட எடுத்துட்டுப் போகட்டும். பொதுவா 100 பேர்ல ஒருத்தருக்கு சீலியாக் இருக்குன்னா, உள்ளவங்களோட அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்கன்னு எடுத்தா சுமாரா 10ல ஒருத்தருக்கு இருக்கு, அதனால இவங்களுக்கு டெஸ்ட் எழுத டாக்டர் யோசிக்க மாட்டாங்க. டிடிஜி ஐஜிஏ கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பாக்கச் சொல்லணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. ஐஜிஏங்கறது ஒரு வகை ஆன்டிபாடி, சிலருக்கு பிறவியிலயே அது உடம்புல இருக்காது, சீலியாக் உள்ளவங்ககிட்ட இது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, அப்படிப்பட்டவங்களுக்கு டிடிஜி ஐஜிஏ எடுத்தா எப்பவும் நார்மலாத்தான் காட்டும், அவங்களுக்கு ஐஜிஜிங்கற இன்னொரு வகை ஆன்டிபாடியைப் பாக்கற டெஸ்ட் தனியா எடுக்கணும். ரத்தம் பாசிட்டிவ்னா குடல் டாக்டர், எண்டோஸ்கோப்பி, சிறுகுடலோட ஆரம்பப் பகுதில நாலஞ்சு எடத்துலேர்ந்து துணுக்கு எடுப்பாங்க, பாதிப்பு திட்டுத்திட்டா இருக்கும்ங்கறதால ஒரு எடம் மட்டும் போதாது. எண்டோஸ்கோப்பி முடியற அன்னிக்கு வரைக்கும் கோதுமை தொடரணும், ரத்த ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்த பதட்டத்துல இங்கதான் நிறைய பேர் அவசரப்பட்டு நிறுத்திடறாங்க.

ஒருவேளை அவங்க ஏற்கனவே சொல்லாம கொள்ளாம நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தா, ஜீன் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, டிக்யூ2, டிக்யூ8னு சொல்லுவாங்க. இந்த ரெண்டும் இல்லன்னா சீலியாக் அநேகமா இல்லவே இல்லன்னு விட்டுடலாம். ஆனா இருந்தா வியாதி இருக்குன்னு அர்த்தம் ஆகாது, பொது ஜனங்கள்ல 100க்கு 30, 40 பேர்கிட்ட அந்த ஜீன் இருக்கு, அதுல ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான் சீலியாக் வருது.

கரு கலைஞ்சதைப் பத்தி எழுதியிருந்தீங்க, படிக்கறப்போ மனசு கஷ்டமா இருந்துச்சு. கண்டுபிடிக்காம விட்ட சீலியாக்குக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருக்கறது உண்மைதான், சரியான பத்தியம் ஆரம்பிச்சு தேறினவங்களும் உண்டு. ஆனா உங்க தங்கச்சிக்கு காரணம் இதுதான்னு நீங்களோ நானோ இப்பவே முடிவு பண்ணிடக் கூடாது. தைராய்டு, இன்னும் எத்தனையோ காரணம் இருக்கலாம், மகப்பேறு டாக்டர் அந்தப் பக்கமும் பாக்கட்டும், ரெண்டும் சேர்ந்தே நடக்கட்டும். அவங்ககிட்ட பேசறப்போ குளூட்டனை விட்டா குழந்தை நிக்கும்னு வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க, மறுபடி ஏதாவது ஆச்சுன்னா தான் பத்தியம் சரியா இருக்கலையோன்னு பழியைத் தன் மேலயே போட்டுக்குவாங்க.

டெஸ்ட் எல்லாம் முறையா எடுத்து நெகட்டிவ்னு வந்தா அதுவும் உருப்படியான பதில்தான். கோதுமைல குளூட்டன் மட்டும் இல்ல, ஃபிரக்டான்னு ஒரு வகை மாவுச்சத்து இருக்கு, வெங்காயம் பூண்டுலயும் அது உண்டு, சிலருக்கு உப்புசத்துக்கு காரணமே அதுவா இருக்கும், அவங்களுக்கு உங்க அளவு கட்டுப்பாடு தேவையே இல்ல. ஆயுசு முழுக்க ஒரு துளி படாம இருக்கறதும், கொஞ்சம் குறைச்சுக்கறதும் ரெண்டு வேற வாழ்க்கைங்க, அதுல எது தனக்குன்னு தெரியாம அவங்க ஆரம்பிக்கக் கூடாது. உங்களுக்கு பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கும், அப்பா அம்மாவுக்கும் தொந்தரவு எதுவும் இல்லன்னாலும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துடுங்க. வெளியில ஒண்ணுமே தெரியாம உள்ள குடல் சிதைஞ்சிட்டு இருக்கறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன்.

இப்போ உங்க 46க்கு வர்றேன். முதல்ல, பயப்படாதீங்க, பத்து மாசத்துல 180லேர்ந்து 46ங்கறது நல்ல இறக்கம். ஆரம்பத்துல ரொம்ப ஏறியிருந்தவங்களுக்கு நார்மலுக்கு வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கூட ஆகும், பெரியவங்களுக்கு குடல் முழுசா ஆற அதுக்கும் மேல ஆகலாம், குழந்தைங்களுக்குத்தான் சீக்கிரம். அடுத்த டெஸ்ட்ல இன்னும் இறங்கியிருக்கான்னு பாக்கணும், அதே லேப்ல எடுங்க, லேபுக்கு லேப் அளவு மாறும். இறங்காம அங்கேயே நின்னாலோ ஏறினாலோ டாக்டர்கிட்ட உடனே போகணும். ஆனா அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம், எங்கேர்ந்தாவது கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகுதான்னு தேடிப் பாத்துடலாம், ஏன்னா இறங்காம நிக்கறவங்ககிட்ட நான் அதிகம் பாக்கற காரணம் அதுதான்.

எவ்வளவு கொஞ்சம்னு கேட்டா, 2007ல வந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, பத்தியத்துல நல்லா இருந்த சீலியாக் ஆளுங்களுக்கு தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூணு மாசம் குடுத்துப் பாத்தாங்க, குடல்ல பாதிப்பு தெரிஞ்சது. ஒரு ஸ்லைஸ் பிரெட்ல சுமாரா ரெண்டு கிராம் குளூட்டன் இருக்குன்னு வெச்சுக்கிட்டா 50 மில்லிகிராம்ங்கறது அதுல நாப்பதுல ஒரு பங்கு, மேஜையைத் துடைக்கறப்போ கையில ஒட்டுற துகள் அவ்வளவு இருக்கும். இன்னொரு பக்கம், குளூட்டன் ஃப்ரீன்னு போட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைக்கும்னு சர்வதேச அளவு வெச்சிருக்காங்க, அப்படிப்பட்ட பொருளை 100 கிராம் சாப்பிட்டாலும் அதிகபட்சம் 2 மில்லிகிராம்தான், அதனால லேபிள் உள்ள பொருளைப் பாத்து நடுங்க வேண்டியதில்ல.

என்கிட்ட வந்த ஒரு அம்மா, உங்களை மாதிரியேதான், ரொம்ப கட்டுப்பாடு, வெளியில எதுவும் சாப்பிட மாட்டாங்க, ஆனா நம்பர் மட்டும் இறங்கல. சாப்பாட்டு டைரி எழுதச் சொல்லி மூணு தடவை பாத்துட்டேன், ஒரு குறை இல்ல. கடைசில உங்க கிச்சன்ல மாவு தொடற சாமான் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன். எடுத்து டேபிள் மேல பரப்பினாங்க, அதுல ஒரு பழைய சல்லடை. கழுவித்தான் வெச்சிருந்தாங்க, பாக்க பளபளன்னு இருக்கு. ஒரு கறுப்புத் துணியை விரிச்சு அது மேல வெச்சு விளிம்பை ரெண்டு தட்டு தட்டினேன், கம்பி வலையும் வளையமும் சேர்ற இடுக்குலேர்ந்து வெள்ளையா பொடி கொட்டிச்சு, காஞ்சு கெட்டிப்பட்ட துணுக்கும் கூட. வீட்ல மத்தவங்களுக்கு கோதுமை மாவு சலிக்கறதும் அதுலதான், இவங்க அரிசி மாவு சலிக்கறதும் அதுலதான், வருஷக்கணக்கா. அந்தம்மா அந்தத் துணியையே பாத்துட்டு இருந்தாங்க, ஒண்ணுமே பேசல. புது சல்லடை வாங்கி, அது மேல சிவப்பு நூல் கட்டி தனியா மாட்டினாங்க, ஆறு மாசத்துல நம்பர் நார்மலுக்கு வந்துச்சு.

அதனால இந்த வாரமே உங்க சல்லடை, வடிகட்டி, மரக்கரண்டி, மாவு உருட்டற பலகை, பிரெட் டோஸ்டர், கீறல் விழுந்த நான்ஸ்டிக் பாத்திரம், இது எல்லாத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. இடுக்கும் துளையும் உள்ளது எதுவோ அதை உங்களுக்குன்னு தனியா வாங்கிடுங்க. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் எல்லாம் சோப்பு போட்டு நல்லா தேச்சு கழுவினா போதும், அதுக்கெல்லாம் தனி செட் தேவையில்ல. சூடு பண்ணினா குளூட்டன் அழிஞ்சிடும்னு நினைக்கறாங்க, அழியாதுங்க, அது கிருமி இல்ல, புரதம், சோப்பும் தண்ணியும் போட்டு தேச்சு விரட்டணும். அதே மாதிரி கோதுமை மாவுல முக்கினதைப் பொரிச்ச எண்ணெய்ல உங்களுக்கு எதையும் பொரிக்காதீங்க, பொதுவான வெண்ணெய், ஜாம் பாட்டில்ல அடுத்தவங்க பிரெட் தடவின கத்தியை திரும்ப விட்டா துகள் உள்ள போயிடும்.

அப்புறம் லேபிள். கோதுமை இல்லன்னு போட்டிருந்தா குளூட்டன் இல்லன்னு அர்த்தம் ஆகாது, பார்லியும் ரையும் இருக்கலாம். மால்ட்ங்கற வார்த்தை எங்க இருந்தாலும் நிறுத்திப் படிங்க, பெரும்பாலும் அது பார்லிலேர்ந்து வர்றது, சத்துமாவு பானம், சீரியல், சாக்லேட், பீர்னு எங்கெங்கயோ இருக்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் பேர்ல மால்ட் இருந்தாலும் அதுக்கு பயப்பட வேணாம். சாதாரண சோயா சாஸ்ல கோதுமை உண்டு, பாக்கெட் சூப்லயும் மசாலா கலவைலயும் கெட்டிப்படறதுக்கு கோதுமை மாவு சேத்திருக்கலாம். ஓட்ஸ் தினம் சாப்பிடறீங்களா? ஓட்ஸ் நேரடியா குளூட்டன் தானியம் கிடையாது, ஆனா வயல்லயும் மில்லுலயும் கோதுமையோட கலந்துதான் வருது, குளூட்டன் ஃப்ரீன்னு போட்ட ஓட்ஸ் பெரும்பாலானவங்களுக்கு ஒத்துக்கும், கொஞ்சம் பேருக்கு அதுவும் ஆகாது. உங்க நம்பர் நார்மலுக்கு வர்ற வரைக்கும் அதை நிறுத்திட்டு, அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. மாத்திரைகள்ல பெரும்பாலும் பிரச்சனை இருக்காது, ஆனா தினம் போடற மாத்திரை, சத்து மாத்திரை எல்லாத்துக்கும் ஒரு தடவை மருந்துக்கடைல ஸ்டார்ச் எதுலேர்ந்துன்னு கேட்டு வெச்சுக்கங்க.

டாக்டர்கிட்ட போறப்போ இரும்பு, ஃபோலேட், பி12, வைட்டமின் டி எல்லாம் பாத்தாங்களான்னு கேளுங்க, எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கணுமான்னும் கேளுங்க. இத்தனை வருஷம் சத்து சரியா உறிஞ்சாம இருந்தது எலும்பைத்தான் சத்தமில்லாம தின்னிருக்கும். சீலியாக்ல சிலருக்கு மண்ணீரல் சரியா வேலை செய்யாது, அதனால நிமோனியா மாதிரி தொற்றுக்குப் போடற நிமோகாக்கல் தடுப்பூசி தேவையான்னும் விசாரிங்க. குளூட்டன் ஃப்ரீ பிஸ்கட், கேக்னு பாக்கெட் மேலயே ஓட்டாதீங்க, அதுல நார்ச்சத்து கம்மி, சர்க்கரையும் கொழுப்பும் பல சமயம் ஜாஸ்தி. அரிசி, சிறுதானியம், பருப்பு, காய், பழம், முட்டை, மீன்னு இயற்கையாவே குளூட்டன் இல்லாதது ஏராளமா இருக்கு. சிறுதானிய மாவு மட்டும் கோதுமை அரைக்கற மெஷின்ல அரைச்சதா இருக்கக் கூடாது.

உங்க மாமியார் விஷயம். ஒரு வாய்ல என்ன ஆகும்னு கேக்கறவங்க பெரும்பாலும் அன்போடதான் கேக்கறாங்க. சாப்பிட்டு உடம்பு தேத்தறதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம், ஒண்ணை சாப்பிடாம தேத்தறதுங்கறது அவங்க அனுபவத்துலயே இல்ல. அலர்ஜின்னு சொன்னா அடுத்து ஒரு மாத்திரை போட்டுக்கோயேன்னுதான் வரும். நான் பெரியவங்ககிட்ட ஒரு கதை சொல்றதுண்டு, நடந்த கதை. நெதர்லாந்துல வில்லெம் டிக்கேன்னு ஒரு குழந்தைங்க டாக்டர் இருந்தார். சீலியாக் குழந்தைங்க எலும்பும் தோலுமா வயிறு மட்டும் வீங்கிப் போய் கிடப்பாங்க, நிறைய குழந்தைங்க செத்தும் போச்சு, காரணம் யாருக்கும் தெரியல. கோதுமையாத்தான் இருக்கும்னு அவருக்கு ஏற்கனவே சந்தேகம். 1944, 45 குளிர்காலத்துல போரால நாடே பட்டினி, பிரெட்டே கிடைக்கல. ஊரே மெலிஞ்சப்போ இந்தக் குழந்தைங்களுக்கு மட்டும் நிலைமை மோசமாகல, தேறினாங்க. பிரெட் திரும்ப வந்ததும் திரும்ப விழுந்தாங்க. 1950ல அவர் அதை ஆராய்ச்சியா எழுதினார், இன்னைக்கு நீங்களும் நானும் இருக்கற பத்தியம் அங்கேர்ந்து வந்ததுதான். இந்தக் கதையை உங்க மாமியார்கிட்ட சமையல் நேரத்துல இல்லாம ஓய்வா உக்காந்திருக்கறப்போ சொல்லிப் பாருங்க. கூடவே அடுத்த தடவை டாக்டர்கிட்ட அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. ஆரோக்கியமான குடலோட உள்பக்கம் துவாலைல நூல் வளையம் நிக்கற மாதிரி நிக்கும், உங்களோடது தேஞ்சு மொட்டையா இருந்துச்சுன்னு டாக்டர் படத்தைக் காட்டி சொன்னா, நீங்க நூறு தடவை சொன்னதை விட அது மனசுல நிக்கும். ஒரு வாய் உள்ள போனா எனக்கு வயிறு வலிக்காம கூட போகலாம் அத்தை, ஆனா அந்த நூல் திரும்ப தேயும்னு சொல்லுங்க. அப்புறம் அவங்களுக்கு ஒரு பொறுப்பு குடுங்க, உங்க அலமாரி, உங்க சல்லடை, உங்க கரண்டிக்கு அவங்கதான் காவல். தான் பாத்துக்கற அலமாரியில அடுத்தவங்க கைவைக்க எந்த மாமியாரும் விட மாட்டாங்க.

தங்கச்சிக்கு பாசிட்டிவ்னு வந்து, எண்டோஸ்கோப்பியும் முடிஞ்சா, அப்போ லிஸ்ட் குடுக்கறதை விட அவங்க கூட கடைக்குப் போங்க. எனக்கு முதல் தடவை கடைக்குப் போனது நல்லா ஞாபகம் இருக்கு, டயட்டீஷியன் நான், அடுத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்கறவ, ஒரு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு முக்கால் மணி நேரம் ஒரே எடத்துல நின்னேன், வாழைப்பழமும் அரிசியும் மட்டும் வாங்கிட்டு வெளிய வந்து ஆட்டோல உக்காந்து அழுதேன். அன்னிக்கு பக்கத்துல யாராவது நின்னு, இது ஆகும், இது ஆகாது, இது சந்தேகம், விடுன்னு சொல்லியிருந்தா போதும்னு இருந்துச்சு. அந்த ஆளா நீங்க இருங்க. முதல் வாரத்துல சமையலுக்கு அஞ்சாறு பொருள் தெரிஞ்சா போதும், ஓட்டல், பிரயாணம், விசேஷ வீடு எல்லாம் பின்னாடி பாத்துக்கலாம். அவங்க தட்டைக் கண்காணிக்காதீங்க. என்னிக்காவது தவறி சாப்பிட்டுட்டேன்னு சொன்னா திட்டாதீங்க, திட்டினா அடுத்த தடவை மறைப்பாங்க, மறைச்சா நீங்க ரெண்டு பேரும் நம்பரைப் பாத்துட்டு குழம்பிட்டு இருப்பீங்க. அப்படி போயிடுச்சுன்னா அதை முறிக்க மருந்து எதுவும் இல்ல, தண்ணி நிறைய குடிச்சு, லேசா சாப்பிட்டு, அடுத்த வேளைலேர்ந்து பழையபடி தொடர வேண்டியதுதான். குளூட்டனைக் கரைக்கற மாத்திரைன்னு விக்கறதை நம்பி யாரும் சாப்பிட்டுடக் கூடாது.

ஆனா அதுக்கு முன்னாடி இந்த ஒரு மாசம் இருக்கே, அதுதான் இப்போ உங்க வீட்ல சிக்கல். தங்கச்சி டெஸ்ட்டுக்காக கோதுமை சாப்பிடணும், நீங்க 46ஐ இறக்கணும், ஒரே கிச்சன். முடிஞ்சா அவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே அங்கேயே ரத்தம் குடுத்துட்டு வரட்டும், அப்போ பாதி பிரச்சனை தீந்துடும், ரிசல்ட் வர்ற வரைக்கும் சாப்பிடட்டும், பாசிட்டிவ்னா மட்டும் எண்டோஸ்கோப்பி முடியற வரைக்கும் தொடரணும். அது முடியலன்னா வீட்ல மாவா பிசையறது மட்டும் வேணாம், கோதுமை மாவு காத்துல பறந்து அடுப்பு, கரண்டி, மூடி வைக்காத சாப்பாடுன்னு எல்லா எடத்துலயும் படியும். கடைல சுட்ட பிரெட்டா வாங்கி ஒரு மூடி போட்ட டப்பால வெச்சுடுங்க, அவங்களுக்குன்னு ஒரு தட்டு, ஒரு கத்தி, ஒரு சின்ன வெண்ணெய் டப்பா, அதுக்கு மேல எதுவும் தேவையில்ல. மேஜையோட அந்தக் கோடில அவங்க சாப்பிடட்டும், சாப்பிட்டதும் ஈரத்துணியால துடைச்சு, அந்தத் துணியை உங்க பாத்திரம் துடைக்கற துணியோட சேக்காம தனியா போட்டுடட்டும், கையை சோப்பு போட்டு கழுவட்டும், சானிடைசர் போதாது. தினம் ரெண்டு ஸ்லைஸ், விடாம. காலைல அவங்க மறந்தாலும் நீங்க ஞாபகப்படுத்துங்க.